எடித் கிளார்க் யார்? மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் டிரைவில் வரும் ‘கிளார்க் உருமாற்றம்’ அவருடையதா?

ஆம், அவருடையதுதான். 1883-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தவர். 1919-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். ஆனாலும் பொறியாளர் வேலை உடனே கிடைக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கணக்கிடும் பணிதான் கிடைத்தது. துருக்கியில் சிறிது காலம் இயற்பியல் கற்பித்துத் திரும்பியபின், 1922-இல் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக அமர்த்தியது. நீண்ட மின்கடத்துப் பாதைகளின் சமன்பாடுகளை வரைபட முறையில் தீர்க்கும் அவரது கருவிக்கு 1925-இல் காப்புரிமை கிடைத்தது. 1947-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், 64 வயதை ஒட்டி, பேராசிரியரானார். அந்த வயதில் வந்த பதவி, திறமைக்கு மிகவும் தாமதமான அங்கீகாரம் என்றே சொல்வேன்.

கிளார்க் உருமாற்றம் மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸ் அளவுகளை ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டாகச் சுருக்குகிறது. மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமானால், ஆல்ஃபா என்பது முதல் ஃபேஸ் மின்னோட்டமே; பீட்டா = (இரண்டாவது − மூன்றாவது) ÷ √3. வீச்சு (அலையின் உச்ச அளவு) மாறாத இந்த வடிவத்தில் (கெழு, அதாவது முன்னால் பெருக்கும் எண், 2/3) மின்திறனைக் கணக்கிடும்போது 1.5-ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் உண்மைத் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். திறன் மாறாத வடிவத்தில் கெழு √(2/3), அங்கே 1.5 தேவையில்லை, ஆனால் வீச்சு சுமார் 1.22 மடங்காகிவிடும். ஒரு நூலிலிருந்து உருமாற்றத்தையும் இன்னொன்றிலிருந்து முறுக்குவிசைச் சூத்திரத்தையும் எடுப்பவர்கள் இடறுவது இங்கேதான். நியூட்ரல் கம்பி வழியே மின்னோட்டம் ஓடினால் கூட்டுத்தொகை பூஜ்யமாகாது; அப்போது வரும் மூன்றாவது அளவான பூஜ்யக் கூறையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.