ஜூலை 4 அன்று அமெரிக்க விடுதலை தவிர வேறென்ன நடந்தது?

என்னைக் கேட்டால், இந்தத் தேதியின் விசேஷமே சாவுகள்தான். விடுதலைப் பிரகடனம் 1776-இல் ஏற்கப்பட்டது (பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று வாக்களித்தது என்னவோ ஜூலை 2-இல்). சரியாக 50 ஆண்டு கழித்து, 1826 ஜூலை 4-இல், அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் நண்பகல் வாக்கில் வர்ஜீனியாவில் காலமானார். சில மணி நேரத்தில் மாசசூசெட்ஸில் ஜான் ஆடம்ஸும் போய்ச் சேர்ந்தார். தந்தி இல்லாத காலம். சேதி தெரியாமல், ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார் என்று ஆடம்ஸ் கடைசியாக முனகியதாகச் சொல்வார்கள். 1831-இல் அதே தேதியில் ஜேம்ஸ் மன்றோ. முதல் ஐந்து அதிபர்களில் மூவர்! நான்காவது அதிபர் மேடிசன் 1836 ஜூன் 28-இல், ஆறே நாளில் தவறவிட்டார்.

இந்தத் தேதியில் பிறந்த அதிபர் கால்வின் கூலிட்ஜ் ஒருவர்தான், 1872. அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால், விவேகானந்தர் 1902-லும் மேரி கியூரி 1934-லும் மறைந்தது இதே நாளில்.