‘தௌ’ மரியாதைச் சொல்லா? ஸ்லோவாக் மாணவர்களுக்குப் பழைய ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: பிராட்டிஸ்லாவாவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஷேக்ஸ்பியர் படிக்க ஆசைப்படுகிறார்கள். ‘தௌ’, ‘விதர்’, ‘வென்ஸ்’ வந்தால் நின்றுவிடுகிறார்கள். ‘தௌ’ என்பது மிக மரியாதையான ‘யூ’ என்றே நினைக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: இவற்றை இன்றைய ஆங்கிலத்தைக் கொண்டு விளக்கப் போனால் சிக்கல்தான். ஆங்கிலம் தொலைத்துவிட்ட வேறுபாடுகள் ஸ்லோவாக்கில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குங்கள்.

‘தௌ’ என்பது அவர்களுடைய ‘தி’, அதாவது நம் ‘நீ’. மரியாதைக்கு அவர்கள் சொல்லும் ‘வி’க்கு நேரானது ‘யூ’தான். இன்று ‘தௌ’ காதில் விழுவது பெரும்பாலும் ஜெபத்திலும் 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளிலும் என்பதால் அது கம்பீரமான சொல்லாகத் தோன்றுகிறது. இந்த மயக்கம் தீர ஒரு வரி போதும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஆங்கிலத்தில் ‘தை நேம்’ என வரும் இடத்தில், ஸ்லோவாக்கில் ‘மெனோ த்வோயே’ என்கிறார்கள். ‘த்வோயே’ என்றால் ‘உன்னுடைய’. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடவுளை ‘நீ’ என்று அழைப்பது நெருக்கத்தால். தேவாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

‘தௌ’, ‘தீ’ இரண்டும் ‘தி’, ‘த்யெபா’ போல, நீ, உன்னை. வினையும் கூடவே மாறும்: ‘தௌ கோயெஸ்ட்’, ‘தி இத்யெஷ்’, இரண்டும் ‘நீ போகிறாய்’. முன்னிலைக்குத் தனி விகுதி என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம், பயப்பட மாட்டார்கள்.

அடுத்து இடச்சொற்கள். ‘வேர்’ என்பது ‘க்த்யே’ (எங்கே), ‘விதர்’ என்பது ‘கம்’ (எங்கே நோக்கி), ‘வென்ஸ்’ என்பது ‘ஒத்கியல்’ (எங்கிருந்து). ‘ஹியர்’ (இங்கே), ‘ஹிதர்’ (இங்கே நோக்கி) இரண்டுக்கும் ‘து’, ‘செம்’ என்று தனித்தனியே உண்டு. ஆனால் ‘தேர்’ (அங்கே), ‘திதர்’ (அங்கே நோக்கி) இரண்டுக்கும் ‘தம்’ ஒன்றுதான். அட்டவணை போட்டால் அந்தக் கட்டத்தில் தடுமாறுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் ‘வேர்ஃபோர்’. இது இந்தக் குடும்பம்போலத் தெரிந்தாலும் ‘ப்ரெச்சோ’, அதாவது ‘ஏன்’. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோ எங்கே என்று தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாக, பகைக் குடும்பத்தின் பெயரோடு இருக்கிறாய் என்றுதான் கேட்கிறாள். இதைத் தவறவிட்டால் அந்தக் காட்சியே தவறிப்போகும்.

சரி, இவற்றை எழுதப் பழக்கலாமா? வேண்டாம். படித்தால் புரிந்தால் போதும். அகராதியில் வழக்கொழிந்தது, இலக்கிய வழக்கு என்ற குறிப்புகளைப் பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். ‘தௌ’ வழக்கொழிந்தது. ‘ஸ்லம்பர்’ (உறக்கம்), ‘ஃபோ’ (பகைவன்) போன்றவை கவிதையிலும் கதையிலும் இன்னும் வாழ்கின்றன. மின்னஞ்சலில் போட்டால்தான் விநோதமாக இருக்கும். ‘ஹென்ஸ்’ பழைய சொல்லானாலும் ‘ஆகவே’ என்ற பொருளில் கட்டுரைகளில் தாராளமாக எழுதலாம். இரண்டு வாரத்தைக் குறிக்கும் ‘ஃபோர்ட்நைட்’ பிரிட்டனில் அன்றாடச் சொல், அதைப் பழைய சொற்களின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.