பேய்ப்படம் பார்க்கும் வயது

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களில் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டால் ஒரு வாரத்துக்கு இருட்டில் தனியாக எழுந்து போகமாட்டேன். இப்போது எனக்கு 36 வயது. எந்தப் படமும் என்னை அசைப்பதில்லை. பேய் எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் மனைவியைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இது பக்குவமா, மனம் மரத்துவிட்டதா? இன்றைய படங்களின் தரம் குறைந்துவிட்டதா? நல்ல பேய்ப்படங்களாகப் பத்து சொல்லுங்களேன்.

ச.

அன்புள்ள ச,

பட்டியல் கேட்பவர்களுக்கு நான் பட்டியல் தருவதில்லை. தரம் குறைந்துவிட்டது என்பது ஒவ்வொரு தலைமுறையும் சொல்வது, விடுங்கள். எதுவும் அசைப்பதில்லை என்கிறீர்களே, அதைத்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேய் வரும் நேரத்தைச் சொல்வது ஒரு திறமையே அல்ல. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலடி ஓசை. அது சட்டென்று நின்றுவிடுகிறது. அடுத்த கணம் சிறுத்தை சீறுவதுபோல ஒரு சத்தம், பார்த்தால் பேருந்து! அன்றிலிருந்து எத்தனையோ படங்கள் அதையே செய்கின்றன. அது பிடிபட்டுவிட்டது என்பதற்காகவா மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? அவர் படத்துக்குள் இருக்கிறார். நீங்கள் வாசலில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தைக் கல்லூரி விடுதியில் நண்பர்களோடு பார்த்தேன். பேய் பிடித்த சிறுமியின் தலை முழுதாகத் திரும்பும் இடத்தில் எல்லோரும் அலறினோம். மருத்துவமனைக் காட்சிகள் வந்தபோது “ஓட்டுடா” என்றான் ஒருவன். ஓட்டிவிட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து என் மகளுக்கு வலிப்பு வந்தது. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. ஸ்கேன் அறைக்குள் என்னை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்று அந்த இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அதே படத்தை மறுபடி பார்த்தேன். தலை திரும்பியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்னால், அந்தச் சிறுமிக்கு மூளையில் கோளாறு இருக்குமோ என்று சோதிக்கிறார்கள். கட்டிலில் கட்டிப்போட்டுக் கழுத்தில் ஊசி ஏற்றுகிறார்கள். ரத்தம் பீறிடுகிறது. எக்ஸ்ரே இயந்திரம் தடதடவென்று இடிக்கிறது. கடைசியில் மருத்துவர்கள் படங்களை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். அதைக் கேட்டும் அந்தத் தாய்க்கு நிம்மதியில்லை. எனக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் மகள் மூச்சுவிடுகிறாளா என்று பார்த்தேன்.

விடுதியில் நாங்கள் ஓட்டிவிட்ட காட்சி அது. படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. பத்து வயதில் பேய் நம்மைப் பிடித்துவிடும் என்று பயப்படுகிறோம். வயது ஏற ஏற, நம்மை நம்பி இருப்பவர்களை அது பிடித்துவிடும் என்று பயப்படுகிறோம். நீங்கள் இன்னும் அந்தப் பத்து வயதுப் பயம் வரட்டும் என்று திரைமுன் காத்திருக்கிறீர்கள். அது எப்படி வரும்? உங்களுக்குக் குழந்தை உண்டா, பெற்றோர் உடன் இருக்கிறார்களா என்றெல்லாம் கடிதத்தில் இல்லை. ஆனால் 36 வயதில், போய்விடுமோ என்று நினைத்து நடுங்க ஒருவருமே இல்லாத மனிதர் இருக்கமுடியாது.

சின்ன வயதில் பார்த்த பேய்ப்படம் ஒன்றை மறுபடி பாருங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எதையும் ஓட்டாதீர்கள், முக்கியமாகப் பேய் இல்லாத காட்சிகளை. எந்த இடத்தில் உங்களால் உட்கார முடியவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.