மாரடைப்பும் மாப்பிள்ளையும்

கேள்வி: எனக்கு 27 வயது. மட்டக்களப்பு நகரில் வங்கி வேலை. எனக்கு ஆண்களையும் பிடிக்கிறது, பெண்களையும் பிடிக்கிறது. இருபாலீர்ப்பு என்கிறார்களே, அதுதான். அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநாளாக யோசிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா சூறாவளி, அகதி முகாம், சுனாமி எல்லாம் தாண்டி வந்தவர். ஆனால் இதைக் கேட்டால் அவருக்கு மாரடைப்பு வந்துவிடும். தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிறார்கள். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், கல்லாறு

பதில்: மாரடைப்பு! உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த ஒரு சொல்தான்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு கூரை பறந்தது. அம்மாவுக்கு மாரடைப்பு வரவில்லை. 1990 இல் அகதி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார், வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலை கடல் கேட்டுக் கேள்வியில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தது, அப்போதும் வரவில்லை. ஆனால் பெற்ற மகள் குசினியில் பக்கத்தில் குந்தியிருந்து நாலு வார்த்தை கதைத்தால் மட்டும் வந்துவிடுமாம். எந்த வைத்தியர் சொன்னார் இதை? ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி சொல்லியிருக்கும்.

அந்தத் தொடர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் திட்டாத மாதம் இல்லை. இந்த மாதமும் விடப்போவதில்லை. மகள் வாயைத் திறப்பாள். அம்மாவின் முகத்தை முன்னால் இருந்து ஒருமுறை, பக்கத்தில் இருந்து ஒருமுறை, பிறகு மேலேயிருந்து பல்லி பார்ப்பதுபோல் ஒருமுறை காட்டுவார்கள். வானத்தில் முகில் இல்லாமலே இடி இடிக்கும். கையிலிருந்த தம்ளர் விழும், எப்போதும் பால் தம்ளர்தான். அம்மா நெஞ்சைப் பிடிப்பார், பெரும்பாலும் வலது பக்கத்தை. அடுத்த கிழமை வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி, இருபத்து நாலு மணித்தியாலம் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்பார். அந்த இருபத்து நாலு மணித்தியாலம் இரண்டு மாதம் ஓடும். இதைப் பார்த்துப் பார்த்தே நம் பிள்ளைகள் தாய்மாரின் இருதயம் கண்ணாடியால் செய்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். தாய்மாரும் அதே தொடரைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே எந்த இடத்தில் நெஞ்சைப் பிடிக்கவேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும்.

நிஜ மாரடைப்பு இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு விழுவதால் வருவது. பிரஷர், சீனி, கொழுப்பு என்று பல வருடமாகச் சேர்த்த கணக்கு அது. கடும் அதிர்ச்சியில் இருதயத் தசை கொஞ்ச நாளைக்குத் தளர்ந்து, மாரடைப்பு மாதிரியே வலிக்கும் இன்னொரு நிலையும் இருக்கிறதுதான், மறைக்கவில்லை. 1990 இல் யப்பான் வைத்தியர்கள் அதற்கு ஒக்டோபஸ் பிடிக்கும் சட்டியின் பெயரை வைத்தார்கள். தளர்ந்த இருதயம் படத்தில் அந்தச் சட்டி மாதிரித் தெரிந்ததாம். நடுவயது தாண்டிய பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும், பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுவார்கள். ஆனால் அது எப்போதாவது திடீர் சந்தோசத்தாலும் வருவதாகப் பின்னர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கனடா மாப்பிள்ளை அமைந்த செய்தியையும் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொல்லவேண்டும். அதை யாராவது மெதுவாகச் சொன்னதைக் கண்டிருக்கிறீர்களா? தெருவுக்கே கேட்கக் கத்துகிறார்கள்.

ஆகவே மகள், அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் பிரஷரையும் சீனியையும் பாருங்கள். சொல்லப்போகிறீர்களோ இல்லையோ, அது எப்படியும் செய்யவேண்டிய வேலை. செய்துவிட்டு மாரடைப்பை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது உங்கள் பயம். அது நியாயமான பயம்தான், ஆனால் அது உங்களுடையது. அம்மாவின் நெஞ்சில் அதை வைத்துக் காவவேண்டாம்.

எதற்குப் பயம் என்பதும் எனக்குத் தெரியும். குடி தாய்வழி, வீடு தாய்வழி என்று வாழும் பக்கம் இது. சொத்தைத் தாய்வழியில் கொடுத்த பழைய முக்குவர் சட்டம் நீதிமன்றத்தை விட்டுப்போய் எவ்வளவோ காலம், ஆனால் பெண்பிள்ளை பிறந்தால் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கும் பழக்கம் போகவில்லை. உங்கள் வளவிலும் ஒரு வீடு நிற்கும். முன்சுவருக்குப் பூச்சு முடிந்திருக்கும், பின்சுவரில் கல் தெரியும், தட்டுக்கு மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு மாப்பிள்ளையை நினைத்துத்தான் அம்மா காசு கட்டியிருப்பார். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர் நம் மந்திரத்தைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். மந்திரமாவது மாயமாவது! சீமெந்துத் தரை, கிணறு, நாலு தென்னை, மாமியின் கையால் குழம்பு. எவன் எழும்பிப் போவான்?

உங்கள் விசயத்திலும் மந்திரத்துக்கு ஓடக்கூடிய சொந்தக்காரர் இருப்பார்கள். தண்ணி ஓதுவோம், நூல் கட்டுவோம் என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் மனநல வைத்தியரிடம் காட்டு என்பார்கள். தன்பாலை விரும்புவதை உலக சுகாதார ஸ்தாபனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17 இல். நோய் இல்லாததற்கு மருந்தும் இல்லை, நூலும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒரு மாமா அதைத் தூக்கிக்கொண்டு வருவார். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டும்தான் குறித்தது. 1995 இல் திருத்தினார்கள். நீக்குவார்கள் என்று பார்த்தால், "ஆண்" என்றிருந்த இடத்தில் "ஆள்" என்று போட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்குச் சம உரிமை என்றால் இழுத்தடிக்கும் நாடு சமமான சிறையை மட்டும் கேட்காமலே தந்தது. இரண்டு வருடம் வரை தண்டனை. 2023 இல் இதை நீக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தது, அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. நிறைவேறுமுன் 2024 இல் பாராளுமன்றம் கலைந்தது. ஆனால் அந்தப் பிரிவு செயலைப் பற்றியது. எனக்கு இன்னாரைப் பிடிக்கும் என்று தாயிடம் சொல்வது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. மாமாவிடம் இதைச் சொல்லலாம்.

இப்போது நீங்கள் கேட்காத இடத்துக்கு வருகிறேன். பெண்ணைத்தான் பிடிக்கும் என்று சொல்கிற மகளின் தாய் அழுவார், ஏசுவார், ஆனால் சொன்னதைச் சொன்னபடி கேட்பார். உங்கள் அம்மா பாதியைத்தான் கேட்பார். "ஆம்பிளையளையும் பிடிக்கும் எண்டுதானே சொல்றாய், மறுகா என்ன? வாற மாப்பிள்ளையப் பாரன்." இவ்வளவுதான் வரும், தம்ளர்கூட விழாது. நீங்கள் இத்தனை நாள் சேர்த்துவைத்த தைரியம் அரை நிமிடத்தில் ஒரு கலியாணப் பேச்சாக மாறிவிடும். உங்களுக்கு இருக்கும் ஆபத்து மாரடைப்பு அல்ல, இது.

அதனால்தான் தைக்கு முன் சொல்லாதீர்கள் என்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கும்போது சொன்னால், அது சாட்டாகத்தான் காதில் விழும். வேலைச் சாட்டு, சாதகச் சாட்டு என்ற வரிசையில் இதுவும் ஒன்றாகிப் பெறுமதி இழந்துவிடும். தை வரும்போது கலியாணத்தை மட்டும் கதையுங்கள். இப்போது வேண்டாம் என்பதற்கு எந்தக் காரணமும் காட்டத் தேவையில்லை. 27 வயதில் சொந்தச் சம்பளம் எடுக்கிறவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தச் சண்டையை அந்தச் சண்டையாகப் பிடியுங்கள். ஒருவேளை வருகிறவரை உங்களுக்கே பிடித்துப்போகலாம், அதுவும் உங்களுக்கு நடக்கக்கூடியதுதானே! அப்படியென்றால் அம்மாவுக்கு முதல் அந்த மனிதரிடம் சொல்லுங்கள். வாழப்போகிறவர் அவர்.

மற்றதை அம்மாவிடம் எப்போது சொல்வது? சொன்ன பிறகு அவர் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிற நாளில். ஒரு பெண் இருக்கிறாள், அவளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். மனப்பாரத்தை இறக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் முதலில் நல்ல சிநேகிதியிடம் இறக்குங்கள். தாய் அதற்கு மிக மோசமான ஆள், ஏனென்றால் இறக்கிய பாரத்தை அவர் எடுத்துக் காவத் தொடங்கிவிடுவார். வீட்டில் கைநீட்டுகிற ஆண்கள் இருந்தால் சொல்லவேண்டாம், இதில் இரண்டாம் பேச்சில்லை. வீட்டு உறுதிப்பத்திரம் யார் பெயரில், அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதியாயிற்றா என்பதையும் அறிந்துவைத்திருங்கள். தாய் பிள்ளைக்குள் உறுதியைப் பற்றி நினைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உறுதி கையில் உள்ளவர்கள்.

ஒளிப்பது பொய்யல்லவா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தொண்ணூறாம் ஆண்டைப் பற்றி அம்மா உங்களிடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்க மாட்டார். அதை நீங்கள் பொய் என்றா சொல்கிறீர்கள்?

சொல்லும் நாள் வந்தால் ஒரே மூச்சில் கொட்டவேண்டாம். நம் கூத்தில் எந்தப் பாத்திரமும் திடீரென்று கதைக்குள் குதிப்பதில்லை. கட்டியகாரன் வருவான், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டுவார், வரவுப் பாட்டு, வரவு ஆட்டம், களரியைச் சுற்றி வந்து தான் இன்னார் என்று சபைக்குத் தானே பாடி முடித்த பிறகுதான் மற்றக் கதை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். அதனால் கூத்துக்கு மரியாதை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுத்த ஒவ்வொருவரும் முதலில் வெட்டுவது வரவைத்தான். யார் வந்தது, ஏன் வந்தது என்று தெரியாமலே மூன்றாம் நிமிடத்தில் யுத்தம் தொடங்கிவிடுகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாள் கொஞ்சம், இன்னொரு நாள் கொஞ்சம். அம்மா "மறுகா கதைப்பம்" என்று எழும்பிப் போனால் விடுங்கள், போகட்டும். கோயில் குளிர்த்திச் சடங்கு நாளில், சாதிசனம் முழுக்கக் கூடியிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

இதற்குள்ளும் கூத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழக்கம்போல நாலு பக்கக் கடிதம் எழுதுவார். இன்றைய சனத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கப் பொறுமையில்லை என்பது அவருடைய பழைய வழக்கு. நாலு பக்கத்தையும் போடுகிறேன் ஐயா, வெட்டாமல். சந்தா முடிந்து மூன்று மாதமாகிறது, அந்தக் காசையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள்.