ஊர் அமைதியும் குளத்துக் கணக்கும்

(கடிதம் எழுதியவர் தன் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.)

அன்புள்ள ஐயா,

நான் டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊராட்சியைச் சேர்ந்தவன். டிப்ளமோ முடித்து ஓசூரில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது ஊருக்கே திரும்பி அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன்.

எங்கள் ஊர்க் குளத்தை மூன்று வருஷத்தில் இரண்டு முறை தூர்வாரியதாகக் கணக்கில் இருக்கிறது. முதல் முறை மிஷின் வந்ததை நானே பார்த்தேன், இரண்டு நாள் ஓடியது. இரண்டாவது முறை வந்ததை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் நானும் மூன்று நண்பர்களும் எழுந்து இதைக் கேட்டோம். அவர்களில் இருவர் காலனித் தெரு. "அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்கு வந்தார். "காலனிக்காரங்களோட சேர்ந்துக்கிட்டு சொந்த ஊரையே கேள்வி கேக்கிறியா? இத்தனை வருஷமா அமைதியா இருக்கிற ஊரைக் கெடுக்காத" என்றார். அம்மா அன்று சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அந்த இரண்டு நண்பர்களையும் எங்கள் தெருக்காரர்கள் வயல் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. என்னால்தான் அவர்களுக்கு இந்த நிலை என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நான் செய்தது தப்பா? நாலு பேர் கேட்டு என்ன மாறிவிடும்? ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டால் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்குமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. அன்றே பதில் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன்.

நீங்கள் செய்தது தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்தைப் பற்றிக் கேட்டது நாலு பேர். வேலை நின்றது இரண்டு பேருக்கு. உங்களுக்கு வீட்டில் திட்டு விழுந்தது, அவர்கள் வீட்டில் அடுப்பிலேயே கை வைத்துவிட்டார்கள். பெரியப்பா சொல்கிற அமைதி எதன்மேல் நிற்கிறது என்று இதிலேயே தெரிகிறது. அது காலனித் தெரு வாய் திறக்காத வரைக்கும்தான் தாங்கும்.

அவர்களுக்கு நடப்பதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தப்படி, பட்டியல் சாதியினரைச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் தண்டனைக்குரிய குற்றம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விளைவு அவர்கள் தலையில்தான் விழும் என்பதால் நீங்கள் வற்புறுத்தக் கூடாது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதைப் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வயலில் வேலை இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஊர் அமைதி என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மதுரை மாவட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பையும் மிரட்டலையும் மீறி முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, பட்டப்பகலில் அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அதே காலத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் பக்கம் கொட்டகச்சியேந்தல் ஆகிய நாலு ஊராட்சிகளிலும் பத்து வருஷம் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. தேர்தல் அறிவிப்பார்கள், யாரும் மனு போட மாட்டார்கள். அப்படியே ஒருவர் போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்துவிடுவார். கட்சிகளும் தலித் இயக்கங்களும் விடாமல் போராடின, மாவட்ட நிர்வாகம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசியது. 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அந்தப் பத்து வருஷத்திலும் ஊர் அமைதியாகத்தான் இருந்தது என்று சொல்ல ஆள் இருந்தார்கள்.

சரி, நாலு பேர் கேட்டு என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டும்.

அருணா ராய் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டவர். அவரும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் 1987-ல் தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். வறண்ட பூமி. பஞ்ச நிவாரண வேலைக்குப் போன ஜனங்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நீ அவ்வளவு வேலை செய்யவில்லை என்று ரெஜிஸ்டரில் இருக்கிறது" என்றார்கள். ரெஜிஸ்டரைக் காட்டு என்றால் "அது அரசு ஆவணம், காட்ட முடியாது" என்றார்கள். ஒரு தேசத்தின் சட்டமே இந்த இடத்திலிருந்துதான் முளைத்தது. பெரிய கொள்கை எதையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஆரம்பிக்கவில்லை. என் கூலி எவ்வளவு என்று எழுதிய தாளை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள்.

1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், அதாவது கூலிக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்த அவர்களுடைய சங்கம், தொடங்கியது. 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாயி, அதாவது மக்கள் முன்னால் நடக்கும் பொது விசாரணை. கிடைத்த ஆவணங்களை மைக்கில் ஒவ்வொரு வரியாக வாசித்தார்கள். வேலை செய்ததாகப் பெயர் இருக்கிறது, அந்த ஆள் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், "நான் அந்த வேலைக்கே போகவில்லையே" என்கிறார். இந்த மாதிரி விசாரணைகளில் செத்துப்போனவர்கள் பெயரில்கூடக் கூலி வாங்கியிருந்தது வெளியே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஊரில் யார் செத்தார், எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது என்பதெல்லாம் தெரியும். அவர்களுக்குக் காதில் விழும்படி யாரும் அதுவரை வாசித்துக் காட்டவில்லை.

மேல்மட்டம் என்ன செய்தது? கிராம அலுவலர்கள் நகல் தர மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், யார் கேட்டாலும் நகல் கிடைக்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருஷம் ஆயிற்று, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் சாங் கேட் பக்கம் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது நாள். கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொண்டு வந்தன, முறை வைத்து நாலைந்து நாள் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பின. மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்கள் காய் கொடுத்தார்கள்.

முதல் நாளே அரசு ஓர் ஆணை அனுப்பியது. ஆவணத்தைப் பார்க்கலாம், கையால் குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜெராக்ஸ் கிடையாது என்றது. சங்கதன் அதை ஏற்கவில்லை. கையால் எழுதிய குறிப்பை நாளைக்கு ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ காட்டினால் "நீயே எழுதிக்கொண்டாய்" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சான்றிட்ட நகல்தான் நிற்கும். ஒரு ஜெராக்ஸ் தாளுக்காக வெயிலில் நாற்பது நாள் உட்கார்ந்த அந்த ஜனங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். அடுத்த வருஷம் ஜெய்ப்பூரில் இன்னொரு நீண்ட தர்ணா. அது முடியும்போதுதான் அரசு வெளியே சொன்னது: நகல் தரலாம் என்று ஆறு மாதம் முன்னாடியே கெஜட்டில் போட்டாகிவிட்டதாம்.

அவர்களோடு நின்ற சுசீலா, நாலாம் வகுப்பு வரை படித்தவர். இவ்வளவுதான் படித்த உனக்கு அரசு ஆவணம் எதற்கு என்று டெல்லியில் கேட்டார்கள். பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது அந்த இயக்கத்தின் முழக்கமே ஆயிற்று. நம்ம பணம், நம்ம கணக்கு. 1998-ல் சில ஊர்களில் ஊராட்சித் தலைவர்களே எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். ராஜஸ்தான் சட்டம் 2000-ல் வந்தது, நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் இருந்தது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? விதிவிலக்குகள் ஏராளம், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ரெஜிஸ்டர் கேட்கப் போன ஜனமும் பின்னால் இல்லை. பியாவரில் ஜனம் முதலில் வந்தது, சட்டம் அப்புறம் வந்தது. அதனால்தான் அது நின்றது என்பது என் அபிப்பிராயம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். என் அம்மா பிறந்த ஊரில் ஒரு கிராம சபை. ஷாமியானா, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, டீ. ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தார்கள், தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. தெருவிளக்குச் செலவை வேகமாக வாசித்தார்கள். மேலத்தெருவுக்கு எல்.இ.டி. பதினாலு. கடைசி வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "எங்க தெருவுல போஸ்ட்டே ஒன்பதுதான தம்பி இருக்கு?" என்றார். சண்டை போடும் குரலே இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் இருந்தவர் எழுந்து எங்கள் தெருவில் எத்தனை என்று கேட்டார். அன்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அடுத்த சபைக்கு நாலு தெருக்காரர்களும் போஸ்ட் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் குளத்துக்கும் இப்படி ஒரு கேள்விதான் வேண்டும். யார் திருடினார் என்று ஆரம்பிக்காதீர்கள். மண் எங்கே போயிற்று என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு அந்த இரண்டு வேலைகளுக்கும் எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), பணம் கொடுத்த வவுச்சர் மூன்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். முப்பது நாளுக்குள் தர வேண்டும். எம்-புக்கில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்று இருக்கும். ஒரு டிராக்டர் லோடு ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. ஆயிரம் கன மீட்டர் என்று எழுதியிருந்தால் முந்நூற்றைம்பது லோடுக்கு மேல் வரும். அத்தனை லோடு எந்தக் கரையில், யார் வயலில் கொட்டியது என்பது உங்கள் பெரியப்பாவுக்கும் தெரியாமல் இருக்காது. நடந்த வேலையை நேரில் பார்வையிடவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் உரிமை இருக்கிறது. மனு உங்கள் பெயரில் மட்டும் போகட்டும். காலனி நண்பர்கள் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று. கிராம சபையை மதம் சார்ந்த வளாகங்களில் நடத்தக் கூடாது, ஊராட்சியில் உள்ள குடியிருப்புகளில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசின் அறிவுரையே இருக்கிறது. உங்கள் ஊரில் காலனித் தெருவில் கடைசியாக எப்போது நடந்தது? அக்டோபர் 2 சபையை அங்கே நடத்தச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்ச வருகை எத்தனை பேர் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் நூறு பேர் இருந்தாக வேண்டும். வரவு செலவைப் படிவம் 30-ல் வாசிக்கச் சொல்லுங்கள், அவசரமில்லாமல்.

டெல்டா மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-லிருந்து 2019 டிசம்பர் வரைக்கும் இதே கதைதான். நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைக்காத ஒருவர் நம் பணத்தைச் செலவழிக்கும் காலத்தில், ஜனங்கள் நேராகக் கேள்வி கேட்க ஊரில் மிச்சமிருக்கும் இடம் கிராம சபைதான். அதை விட்டுவிடாதீர்கள்.

கட்சியில் சேர்வது உங்கள் விருப்பம். நம்பிக்கை இருந்தால் சேருங்கள், பாதுகாப்புக்காகச் சேராதீர்கள். நாளைக்கு அந்தக் கட்சிக்காரரே குளம் வெட்டினால் என்ன செய்வீர்கள்?

அம்மாவிடம் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள், அந்த இரண்டு வீட்டு அடுப்பைப் பற்றியும். பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். சின்ன வயதில் அவர் அந்தக் குளத்தில் குளித்தபோது தண்ணீர் எது வரைக்கும் நின்றது என்று கேட்டுப் பாருங்கள்.

எம்-புக் நகல் கைக்கு வந்ததும் எழுதுங்கள். எனக்குப் பழக்கமான ஓய்வு பெற்ற ஓவர்சீயர் ஒருவர் இருக்கிறார். அதில் எந்தப் பத்தியில் எதைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாலு பேருக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்