வீல் போல்ட்டைச் சரியாக முடுக்க டார்க் ரெஞ்ச் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2017ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ இருக்கிறது. டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னால் வீல் போல்ட்டுகளை முடுக்கி அனுப்பினார்கள். பிறகு வழியில் பஞ்சரானபோது, காருடன் வந்த ஸ்பேனரால் ஒரு போல்ட்டைக்கூட அசைக்க முடியவில்லை. டார்க் ரெஞ்ச் (முடுக்கும் அளவை முன்கூட்டியே வைத்து முடுக்கும் ஸ்பேனர்) வாங்கினால், கடைக்காரர் சரியாக முடுக்கியிருக்கிறாரா என்று நானே சோதிக்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வாங்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் சோதனைக்கு அது பாதிதான் உதவும். நாம் வைத்த அளவை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ரெஞ்ச், போல்ட் ஏற்கெனவே அதைவிட இரு மடங்கு முடுக்கப்பட்டிருந்தாலும் அதே ஒலியைத்தான் எழுப்பும். தளர்ந்திருப்பதை அதனால் கண்டுபிடிக்கலாம். மிகையாக முடுக்கியிருப்பதைக் கண்டுபிடிக்க இயலாது. எனவே வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, உரிய அளவுக்கு மீண்டும் முடுக்குவதுதான் வழி.

உங்கள் காருக்கு அந்த அளவு 120 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு). போல்ட் தலையில் பொருந்தும் சாக்கெட் 17 மி.மீ. மற்ற வண்டிகளுக்கு அளவு மாறும் என்பதால், அவரவர் உரிமையாளர் கையேட்டைப் பார்ப்பதே முறை. சுமார் 60 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் ஏறத்தாழ 176 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இறங்குகிறது. அதற்கும் அசையாத போல்ட்டை எந்த அளவுக்கு முடுக்கியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி முடுக்கினால் போல்ட்டின் மரை நீண்டு பலமிழக்கலாம். போல்ட்டுக்குப் போல்ட் இறுக்கம் வேறுபட்டால் பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் அதிரவும் கூடும்.

வாங்கும்போது அரை அங்குல டிரைவும் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனை), 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரையிலான வீச்சும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 120 நடுவில் அமைவதால் துல்லியம் நன்றாக இருக்கும். 5 முதல் 25 வரை மட்டும் காட்டும் சிறிய ரெஞ்ச் விலை மலிவாகக் கிடைத்தாலும் வீலுக்கு ஆகாது. கருவியில் பொறித்த வரிசை எண்ணும் அளவுத்திருத்தச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழே தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். உராய்வு குறைந்து, அதே 120 அளவிலேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். ஐந்து போல்ட்டுகளையும் நட்சத்திர வடிவில் ஒன்று விட்டு ஒன்றாக முடுக்கி, முதல் ‘கிளிக்’ கேட்டதும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பது பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம். 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது ஒருமுறை சரிபாருங்கள். வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் குறைந்தபட்சக் குறிக்குத் திருப்பி வையுங்கள். போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு நீண்ட கைப்பிடியுள்ள சாதாரண வீல் ஸ்பேனரே போதும்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, ஏர் கன்னை லேசாக மட்டும் பயன்படுத்தி, கடைசி முடுக்கலைக் கையால் டார்க் ரெஞ்சில் செய்யும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.