பறவைப் படம் எடுக்க 8,500 ரூபாய் உடுப்பு எதற்கு?

கேள்வி: மார்கழியில் கோடியக்கரைக்குச் சென்று பறவைகளைப் படம் எடுக்க இருக்கிறேன். பயண ஏற்பாட்டாளர், வேட்டைக்காரர்கள் அணியும் இறக்குமதி உருமறைப்பு உடை, தொப்பி, வலை மூன்றையும் 8,500 ரூபாய்க்கு வாங்கினால்தான் பறவைகள் அருகில் நிற்கும் என்கிறார். 2,000 ரூபாய்க்குள் முடியாதா? மிலிட்டரி டிசைன் அணிந்தால் வழக்கு வருமா?

பதில்: முடியும், மிச்சமும் ஆகும். உங்களுக்குக் காட்டிய உடையில் உள்ள இலையும் கிளையும், அடர்ந்த காட்டில் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்து மான் வேட்டையாடும் வெளிநாட்டவருக்காக அச்சிடப்பட்டவை. பூநாரையும் உள்ளானும் உப்புக்கொத்தியும் மேய்கிற கோடியக்கரைச் சேற்றுவெளியோ சாம்பலும் வெளிர்மண்ணுமாகக் கிடப்பது. அங்கே கரும்பச்சை இலைப்படத்தோடு நிற்பவர் புதர்போலத் தெரிவார், அந்தப் புதர் நடக்கவும் தொடங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும்.

வீட்டில் இருக்கும் சாயம் போன காக்கி அல்லது சாம்பல் நிற முழுக்கைச் சட்டையும் மண்ணிறப் பேன்ட்டும் போதும்; இல்லாவிட்டால் திருப்பூர் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். நைலான் வேண்டாம், கையை அசைத்தாலே சரசரக்கும். அந்தத் துணியை வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துவைக்காதீர்கள். அதிலுள்ள ஒளிர்பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், பறவைகள் பலவற்றுக்குப் புற ஊதாவே கண்ணுக்குத் தெரியும் என்பதால் நிறம் பார்த்து வாங்கியதன் பலன் போய்விடும். பூந்திக்கொட்டையில் அலசுங்கள். முகத்துக்கும் கைக்கும் மங்கலான துண்டு, வெள்ளை லென்ஸாக இருந்தால் அதன்மேல் பழைய காக்கித் துணி சுற்றி இரண்டு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பிறகு, நிற்காமல் தரையோடு படுத்து அரை மணி நேரம் அசையாதிருங்கள். இதை யாரும் விற்க முடியாது என்பதால்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வழக்குக்கு வருகிறேன். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்களது உடை போன்றதை அணிவதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 168ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே நிறத் துணியும் வேட்டை உடையின் இலைப்படமும் இதில் சேரா. ஆனால் 2022 ஜனவரியில் ராணுவம் அறிமுகம் செய்த, சிறுசிறு சதுரங்களாலான டிஜிட்டல் வடிவம் வேறு சங்கதி: அந்த வடிவமைப்பு ராணுவத்தின் பெயரில் பதிவானது, அதைப் போலச் செய்து வெளியே விற்கவே கூடாது. நடைபாதையில் "ஒரிஜினல் கோட்டா" (ராணுவத்துக்கு ஒதுக்கிய அசல் சரக்கு) என்று நீட்டப்படுவது பெரும்பாலும் இந்தப் போலிதான். உங்கள் மனத்தில் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை நீங்கள் நிரூபித்து முடிப்பதற்குள் வலசைப் பறவைகள் ஊர் திரும்பிவிடும். சோதனைச்சாவடியில் நிற்பவரும் பிரிவைப் படித்துவிட்டு நிறுத்துவதில்லை. ஒரு சரணாலய வாசலில் என்னுடைய சாதாரணப் பச்சைச் சட்டையையே கழற்றச் சொன்னார்கள், எந்த விதி என்று கேட்டதற்கு "மேலிடத்து உத்தரவு" என்றார்கள். எது கூடும், எது கூடாது என்று ஒரு பலகை எழுதி வைக்க எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ தெரியவில்லை.

வலையை வாங்கவே வாங்காதீர்கள். அதைப் போர்த்திக்கொண்டு கூடு அருகே போய்ப் படம் எடுக்க வைப்பதுதான் இத்தகைய ஏற்பாட்டாளர்களின் அடுத்த சரக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மாட்டிக்கொள்பவர் நீங்கள், அவர் அல்லர். முன்பணம் கொடுத்திருந்தால், பயணக் கட்டணத்தையும் உடுப்பின் விலையையும் தனித்தனியாகக் காட்டும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால், கோடியக்கரை வனத்துறை அலுவலகத்தில் நேரே அனுமதி பெற்று நீங்களே செல்லலாம்.